கழிப்பறை நகைச்சுவைப் பொருட்கள்: முதல் அலமாரியை நிரப்புவது எப்படி

உள்ளங்கையில் அடங்கும் பீங்கான் சாம்பல் தட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கழிப்பறைக் கோப்பையின் வடிவம், பின்னால் குட்டித் தண்ணீர்த் தொட்டி, தொட்டியின் மேல் ஆங்கிலத்தில் ஒரு வரி: "உங்கள் பழைய பட்களை இங்கே போடுங்கள்." ஆங்கிலத்தில் 'பட்' என்றால் புகைத்து மிஞ்சிய சிகரெட் துண்டு, பிட்டமும் 'பட்'தான். தட்டின் சிரிப்பு முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. கழுவிக் கழுவி வரி அழிந்துவிட்டால், கையில் மிஞ்சுவது வெறும் பீங்கான் துண்டு.

கழிப்பறை நகைச்சுவைப் பொருட்களைச் சேகரிக்கப் புதிதாக வருபவர்கள் முதலில் பழக வேண்டியது இதைத்தான். ஒரு பொருளைக் கையில் எடுத்தவுடன் 'இதில் சிரிப்பு எந்த இடத்தில் இருக்கிறது?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றில் எழுத்தில் இருக்கும், ஒன்றில் மூடியைத் திறந்தால் தெரியும் உருவத்தில், இன்னொன்றில் அழுத்தினால் வரும் சத்தத்தில். பெரும்பாலும் அந்த இடம்தான் முதலில் உடையும், தேயும். போலி செய்பவரும் பழுது பார்ப்பவரும் கைவைப்பதும் அங்கேதான். ஆகவே வாங்கும்போது அதை முதலில் பாருங்கள். சுத்தம் செய்யும்போது அதைக் கடைசியாகத் தொடுங்கள்.

எதில் தொடங்குவது

எல்லாவற்றையும் சேர்க்கத் தொடங்கினால் ஆறே மாதத்தில் வீடு நிறையும், சேகரிப்பு உருவாகாது. 60 செ.மீ. நீளமுள்ள ஒரே ஒரு தட்டை ஒதுக்குங்கள். அதில் 15 முதல் 20 சிறு பொருட்கள் நிற்கும். ஏதாவது ஒரு கிளையை எடுத்து அந்தத் தட்டை நிரப்புங்கள். அது நிரம்பும்போது எது நல்லது, எது மட்டம் என்று கண் பழகியிருக்கும்.

புதியவர்களுக்கு ஏற்ற கிளைகள் சில உண்டு. பீங்கான் குட்டிப் பொருட்கள் (சாம்பல் தட்டு, உப்பு-மிளகுக் குடுவை, உண்டியல்) எளிதில் கிடைக்கும், நீடித்து உழைக்கும். பழைய அஞ்சலட்டைகள் இடத்தை அடைக்காது. ஆனால் வெளிச்சத்துக்கும் ஈரத்துக்கும் பயப்படும். ஸ்பெயினின் கேடலோனியாப் பகுதியின் 'ககனேர்' பொம்மைகள் தனி உலகம். கிறிஸ்து பிறப்புக் குடிலின் ஒரு மூலையில், வேட்டியை அவிழ்த்தவர் போலக் கால்சட்டையை இறக்கிக் குத்தவைத்திருக்கும் களிமண் மனிதர் அவர். பார்சிலோனாவின் சாண்டா லூசியா சந்தையில் ஒவ்வோர் ஆண்டும் விற்கப்படுகிறார். சிவப்புத் தொப்பி விவசாயிதான் மூல உருவம். அரசியல்வாதிகள், விளையாட்டு வீரர்கள் முகத்தோடு வருபவை பிற்காலத்தவை. இரண்டையும் கலக்காமல், மூல உருவத்தையே வெவ்வேறு கைவினைஞர்கள் செய்த வடிவில் சேர்த்தால் வேறுபாடுகள் பளிச்சென்று தெரியும்.

முழு அளவுக் கோப்பை, யூரினல் போன்றவற்றை முதல் ஆண்டில் தவிர்ப்பது நல்லது. ஒரு பழைய பீங்கான் கோப்பை 20 கிலோவைத் தாண்டக்கூடும். அனுப்புவதும் தூக்குவதும் வைப்பதும் தனித்தனி வேலை.

கலை உலகப் பெயர்களைச் சார்ந்த பொருட்களும் உண்டு. மார்செல் டுஷாம்ப் 1917-இல் நியூயார்க் கண்காட்சிக்கு அனுப்பிய 'ஃபவுண்டன்' ஒரு யூரினல்தான். மூலப்பொருள் தொலைந்துவிட்டது. இன்று அருங்காட்சியகங்களில் நிற்பவை பின்னால் அவர் ஒப்புதலோடு செய்யப்பட்ட பிரதிகள். 1964-இல் மிலானில் 8 பிரதிகள் கொண்ட பதிப்பு வெளிவந்தது. இதன் சிறு உருவங்கள் காந்த வில்லை, சாவி வளையம், காகித எடை என்று பல வடிவில் கிடைக்கின்றன. நல்லதை அறிய இரண்டே அடையாளங்கள் போதும். யூரினல் முதுகுப்புறம் சாய்ந்து படுத்திருக்க வேண்டும். விளிம்பில் டுஷாம்ப் புனைபெயரில் இட்ட 'ஆர். மட் 1917' என்ற கையெழுத்து கறுப்பில் இருக்க வேண்டும். நிமிர்த்தி வைத்துச் செய்ததும் கையெழுத்தில்லாததும் வெறும் குளியலறைச் சாமான் பொம்மைகள். பியேரோ மன்சோனி 1961-இல் தன் மலத்தை 30 கிராம் வீதம் அடைத்ததாகச் சீட்டு ஒட்டிய 90 தகர டப்பாக்களின் சாயலில் வரும் டப்பாக்களுக்கும் இப்படி ஒரு விதி உண்டு: சீட்டும் மூடியும் குலையாதிருக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தால் பொருள் போயிற்று.

தவளை உட்கார்ந்த சட்டி

கழிப்பறை நகைச்சுவையில் எங்களுக்கு மிகவும் பிடித்த பொருள் இங்கிலாந்தின் 19-ஆம் நூற்றாண்டு மூத்திரச் சட்டி. சண்டர்லாண்ட் பகுதியில் செய்தவை பெயர்பெற்றவை. வெளியே இளஞ்சிவப்பு மினுமினுப்பும் பூவும் பாட்டும். உள்ளே எட்டிப் பார்த்தால் சுவரில் ஒரு தவளை ஏறிக்கொண்டிருக்கும். சிலவற்றில் அடியில் ஒரு கண்ணோ திடுக்கிட்ட முகமோ வரைந்திருக்கும். கூடவே ஒரு வாசகம்: என்னைச் சுத்தமாக வைத்துக்கொள், நன்றாகப் பயன்படுத்து; நான் பார்த்ததை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

இதை வாங்கும்போது தவளையிலிருந்து தொடங்குங்கள். தவளை தனியாக வார்த்து ஈரக் களிமண்ணோடு ஒட்டப்பட்டது. முன்கால் விரல்களும் மூக்கும் உடைந்திருப்பது சகஜம். உடைந்ததை ரெசின் (செயற்கைப் பிசின்) வைத்துக் கட்டி வண்ணம் பூசியிருப்பதும் சகஜம். இருட்டறையில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சை அடித்துப் பாருங்கள். பழைய கண்ணாடி மெருகு (பீங்கானின் மேல் சுட்ட பளபளப்புப் பூச்சு) ஒரே சாயலில் இருக்கும். பின்னால் பூசிய ரெசினும் வண்ணமும் பெரும்பாலும் பால்வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தனித்து ஒளிரும். டார்ச்சை நேராகக் கண்ணில் படவிடாதீர்கள். அடுத்து, சட்டியின் விளிம்பை விரல் நகத்தால் மெல்லத் தட்டுங்கள். முழுச் சட்டி கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது 'டொக்' என்று செத்த ஒலி தரும். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிச் சோதிக்க வேண்டாம், இரு கையாலும் அடியைத் தாங்குங்கள். பழைய கைப்பிடிகளின் ஒட்டு எப்போது விடும் என்று சொல்ல முடியாது.

பிறகு கவிழ்த்து அடிவளையத்தைப் பாருங்கள். நூறாண்டு தரையில் நகர்ந்த சட்டியின் கீறல்கள் பல திசைகளில், ஆழம் மாறி மாறி, தரையைத் தொடும் மேட்டில் மட்டும் இருக்கும். பழையது போலக் காட்டச் செய்ததில் உப்புத்தாள் தேய்த்த கோடுகள் ஒரே திசையில் ஓடும், அல்லது பழுப்புச் சாயம் பள்ளத்திலும் மேட்டிலும் ஒரேபோல அப்பியிருக்கும். கண் வரைந்த சட்டிகளில் படமே தேய்ந்து மங்கியிருக்கும். அதற்குப் பயந்து விலக வேண்டாம். தேய்த்துக் கழுவியதன் நேர்மையான அடையாளம் அது. படம் மட்டும் புத்தம் புதிதாகவும் சுற்றியுள்ள மெருகு தேய்ந்தும் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

வயதைப் படிப்பது

அடியில் உள்ள முத்திரையிலிருந்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள், ஆனால் அது நல்ல தொடக்கம். அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான பொருட்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற விதி 1891-இல் நடைமுறைக்கு வந்தது. 1921 வரை ஜப்பானியப் பொருட்களில் 'நிப்பான்' என்றும், அதன்பின் 'ஜப்பான்' என்றும் வரும். 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்ற முத்திரை இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆக்கிரமிப்புக் காலத்துக்கு உரியது; அது 1952-இல் முடிந்தது. 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. பெட்டியில் பார்கோடு இருந்தால் 1974-க்கு முந்தையதாக இருக்க வழியில்லை, ஏனெனில் கடையில் முதல் பார்கோடு ஸ்கேன் ஆனதே அந்த ஆண்டில்தான். அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க ஜிப் எண் (அஞ்சல் குறியீடு) இருந்தால் 1963-க்குப் பிந்தையது.

'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' முத்திரையைப் பின்னால் குத்தி விற்பதுண்டு. பஞ்சில் சிறிது நகப்பூச்சு நீக்கியைத் தொட்டு முத்திரையின் ஓரத்தில் மட்டும் ஒற்றிப் பாருங்கள். மெருகுக்கு அடியில் சுடப்பட்டது அசையாது. மேலே குத்தியது பஞ்சில் ஒட்டிக்கொண்டு வரும். இந்தச் சோதனையை முத்திரையில் மட்டும் செய்யுங்கள். முன்பக்க எழுத்து சுடாத வண்ணமாக இருந்தால் அதுவும் கரைந்துவிடும்.

அஞ்சலட்டைகளில் கொல்லைப்புறக் கழிப்பறையை வைத்து நகைச்சுவை செய்தவை பெரும்பாலும் அமெரிக்க 'லினன்' அட்டைகள். 1930-களிலும் 1940-களிலும் துணி நெசவு போன்ற மேற்பரப்புடன் அச்சானவை இவை. விரலால் தடவினால் நெசவு தட்டுப்படும். 10 மடங்கு லென்ஸில் அச்சுப் புள்ளிகள் அந்த மேடுபள்ளத்தின் மேல் படிந்திருப்பது தெரியும். மறுஅச்சில் நெசவும் சேர்ந்து படமாக அச்சாகியிருக்கும், தொட்டால் வழவழப்புதான். இந்த அட்டைகளில் கறுப்பின மக்களை இழிவாக வரைந்தவை நிறைய உண்டு. சிரிப்பு ஒருவரின் இனத்தின் மேல் ஏறி நிற்கிறதென்றால் அந்த அட்டை உங்கள் தட்டுக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

'ஆண்கள்', 'பெண்கள்' என்று எழுதிய எனாமல் தகடுகளில் போலி மிக அதிகம். காந்தம் ஒட்ட வேண்டும், ஏனென்றால் அடியில் எஃகு. ஒவ்வொரு நிறமும் தனித்தனியாகச் சுடப்பட்டதால் எழுத்தின் ஓரத்தில் நகம் தடுக்கும். துரு, அடிபட்டு எனாமல் பெயர்ந்த இடத்தில்தான் இருக்க வேண்டும். நான்கு திருகுத் துளைகளைச் சுற்றி மட்டும் அளவெடுத்தாற்போல ஒரே மாதிரி துரு இருந்தால் விட்டுவிடுங்கள்.

தூரத்திலிருந்து வாங்கும்போது

விற்பவரிடம் ஆறு படங்கள் கேளுங்கள்: முன்பக்கம், உள்பக்கம், அடி, முத்திரை, மூடியோ கீலோ சேரும் இடம், பக்கவாட்டிலிருந்து விளக்கடித்து எடுத்த ஒன்று. கடைசிப் படத்தில்தான் மயிரிழை விரிசலும் ஒட்டிய தடமும் நிழல் விழுந்து தெரியும். இதைத் தர மறுப்பவரிடம் வாங்காமல் இருப்பது நல்லது. மூடி உள்ள பொருளில், மூடி அதற்கே உரியதா என்று கேளுங்கள். வெள்ளைப் பீங்கானில் இரண்டு வெள்ளைகள் ஒன்றாக இருப்பதில்லை. மூடி நீலம் கலந்த வெள்ளை, கோப்பை பால்வெள்ளை என்றால் அது வேறு எங்கிருந்தோ வந்தது. உப்பு-மிளகுக் குடுவைகளில் அடித் தக்கை இல்லாதது பெரிய குறையில்லை. புதுத் தக்கை போட்டுக்கொள்ளலாம்.

தேடும்போது ஒரே மொழிச் சொல்லோடு நிற்காதீர்கள். பிரெஞ்சில் 'போ த ஷாம்ப்ர', ஜெர்மனில் 'நாக்ட்டோப்ஃப்' என்று அந்தந்த மொழி எழுத்தில் தேடினால் வேறு வரிசையே திறக்கும். ஜெர்மனியின் சிறு பீங்கான் பொம்மைகள், குறிப்பாகக் கழிப்பறைக் கதவுக்குள் எட்டிப் பார்க்கும் இளஞ்சிவப்புப் பன்றிக்குட்டிகள், இப்படித்தான் அகப்படும்.

சுத்தம் செய்யும் முறை

பயன்படுத்தப்பட்ட சட்டியோ கழிப்பறை இருக்கைப் பலகையோ வீட்டுக்கு வந்ததும் தனியாக வையுங்கள். ரப்பர் கையுறை போடுங்கள். பிறகு வரிசையாக:

1. கழுவும் தொட்டியின் அடியில் மடித்த துண்டை விரியுங்கள். குழாய் வாயையும் துணியால் சுற்றுங்கள். கழுவும்போது உடைபவை பெரும்பாலும் குழாயில் இடித்தே உடைகின்றன.

2. வெதுவெதுப்பான நீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு மென்மையான தூரிகையால் கழுவுங்கள். கொதிநீர் வேண்டாம், பழைய மெருகு வெடிக்கும். தங்கக் கோட்டையும் மெருகின் மேல் எழுதிய வாசகத்தையும் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

3. வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு இருந்தால் ஒரு லிட்டர் நீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்துப் படிவின் மேல் மட்டும் 30 நிமிடம் ஈரப் பஞ்சாக வையுங்கள். பிறகு நன்றாக அலசுங்கள். தங்கம், மெருகின் மேல் வண்ணம், மயிரிழை விரிசல் உள்ள இடங்களில் இதைச் செய்யக் கூடாது.

4. கிருமி நீக்க, மெருகு முழுதாக உள்ள பொருளுக்கு மட்டும், ஒரு லிட்டர் நீரில் வீட்டு உபயோக பிளீச் 20 மி.லி. கலந்து 10 நிமிடம். பிளீச்சை எந்த அமிலத்தோடும், அமோனியா உள்ள எதனோடும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். சிட்ரிக் அமிலம் போட்ட அன்றே பிளீச் போடாமல் மறுநாளுக்குத் தள்ளி வைப்பது பாதுகாப்பு.

5. மெருகில் வலைபோல மயிரிழைகள் ஓடி, அவற்றில் பழுப்புக் கறை ஏறியிருந்தால் பிளீச் வேண்டவே வேண்டாம். அது உள்ளே இறங்கி உப்பாகப் பூத்து, சில மாதங்களில் மெருகையே செதிலாகத் தள்ளிவிடும். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்த பஞ்சை வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடி, ஒருநாள் விடுங்கள். தேவைப்பட்டால் மீண்டும் செய்யலாம். பிறகு காய்ச்சி வடித்த நீரில் அலசி, காற்றோட்டத்தில் இரண்டு வாரமாவது உலர விடுங்கள்.

சில பொருட்களின் அடியில் இசைப்பெட்டி இருக்கும்; தூக்கினால் பாடும். அவற்றைத் தண்ணீரில் அமிழ்த்தாமல் ஈரத்துணியால் மட்டும் துடைக்க வேண்டும். முழு அளவுக் கோப்பை வாங்கினால் வளைகுழாயில் நிற்கும் பழைய நீரை முதலில் வடித்துவிடுங்கள். குளிரான இடத்தில் அது உறைந்தால் பீங்கான் பிளந்துவிடும். சுத்தமானபின்னும் பழைய பீங்கானில் உணவு பரிமாற வேண்டாம், வண்ணத்திலும் மெருகிலும் ஈயம் இருக்கலாம்.

காகிதம், ரப்பர், மின்கலம்

படமோ துணுக்கோ அச்சிட்ட கழிப்பறைக் காகிதச் சுருளில் மதிப்பு மேலுறையில் இருக்கிறது. உறையைப் பிரிக்காதீர்கள். படுக்கவைத்தால் நாளடைவில் நசுங்கி முட்டை வடிவமாகும். நிமிர்த்தி வைத்து, நடுக்குழாயில் அமிலமற்ற மென்தாளைச் சுருட்டிச் செருகுங்கள். பி.வி.சி. உறை வேண்டாம், பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை சரி. ராமபாணப் பூச்சி அரித்த தடம் இருந்தால் காற்றுப்புகாத பையில் போட்டு மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் ஒருநாள் கழித்துப் பையைத் திறங்கள்.

உட்கார்ந்தால் 'புர்' என்று ஓசையிடும் ரப்பர் பைகளில் வாய்ப்பகுதிதான் முதலில் ஒட்டிக்கொள்ளும். டால்கம் பவுடர் தூவி, காற்றை இறக்கி, மடிக்காமல் தட்டையாக, இருட்டில் வையுங்கள். பழையதை ஊதிப் பார்க்காதீர்கள், ஒரே ஊதலில் கிழியும். ஃப்ளஷ் ஓசை எழுப்பும் உண்டியல்களில் மின்கலத்தை இன்றே கழற்றுங்கள். ஆல்கலைன் மின்கலம் கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் காது குடையும் பஞ்சுக் குச்சியில் வினிகரைத் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்து உலர்த்துங்கள். பட்டன் மின்கலத்தைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, கழற்றியதை உடனே அப்புறப்படுத்துங்கள்.

எங்கே, எப்படி வைப்பது

பலரும் குளியலறையிலேயே வைக்க ஆசைப்படுவார்கள். மெருகு முழுதாக உள்ள பீங்கானும் கண்ணாடியும் அங்கே இருக்கலாம். அஞ்சலட்டை, காகிதச் சுருள், இரும்பு, எனாமல் தகடு, அழுத்திய மரத்தூள் பலகை இவற்றுக்கு அந்த ஈரம் ஆகாது.

சிரிப்பு கண்ணில் படும் உயரத்தை யோசியுங்கள். தவளைச் சட்டியைத் தலைக்கு மேல் வைத்தால் பார்ப்பவருக்கு அது ஒரு பூச்சட்டி. 90 செ.மீ. உயரத்துக்குக் கீழே, மேலிருந்து எட்டிப் பார்க்கும்படி வையுங்கள். மூடி உள்ள சாம்பல் தட்டைத் திறந்த நிலையில் வைக்க, மூடிக்கும் தொட்டிக்கும் இடையே சிறு நுரைத்துண்டு செருகினால் கீல் தேயாது. நழுவாமலிருக்க அடியில் பட்டாணி அளவு அருங்காட்சியக மெழுகை மூன்று இடத்தில் வையுங்கள்.

ஓவியம் தீட்டிய இருக்கைப் பலகைகள் இந்தத் துறையின் பெரிய கிளை. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் பார்னி ஸ்மித் என்ற ஓய்வுபெற்ற பிளம்பர் 1,300-க்கும் மேற்பட்ட பலகைகளை அலங்கரித்து ஒரு அருங்காட்சியகமே நடத்தினார். 2019-இல் அந்தச் சேகரிப்பு அதே மாநிலத்தின் தி காலனி நகருக்குப் போனது. நீங்களே ஒன்று செய்ய விரும்பினால் புதிய மரப்பலகையை எடுங்கள். 120 எண் உப்புத்தாளால் பளபளப்பைக் கொல்லுங்கள், 220-ஆல் நிரவுங்கள், பிரைமர் ஒரு கை, அக்ரிலிக் வண்ணம், பிறகு வார்னிஷ் இரண்டு கை. பளபளப்பைத் தேய்க்காமல் பிரைமர் அடித்தால் அது தோலாக உரிந்து வரும். பிளாஸ்டிக் பலகையில் வண்ணம் நிற்காது. மாட்டுவதற்குப் புதுத் துளை வேண்டாம். கீலுக்கென்றே இரண்டு துளைகள் ஏறக்குறைய 14 முதல் 16 செ.மீ. இடைவெளியில் இருக்கின்றன. அந்த அளவைச் சுவரில் குறித்து, பிளக் போட்டு, ஃபெல்ட் வாஷர் வைத்துத் திருகுங்கள். ஒரே ஆணியில் தொங்கவிட்டால் பலகை ஒருபக்கம் சாயும்.

பதிவேடு

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், வந்த நாள், யாரிடமிருந்து, கொடுத்த விலை, உயரம், முத்திரையின் படம், உள்ள குறைகள். இத்தனையும் எல்லாச் சேகரிப்புக்கும் பொதுவானவை. இங்கே இன்னொரு பத்தி கட்டாயம்: சிரிப்பின் விளக்கம். எந்த மொழிச் சிலேடை, எந்தச் செய்தியைக் குத்துகிறது, படத்தில் இருப்பவர் யார் என்று வாங்கிய அன்றே எழுதுங்கள். சிலேடை மொழி தாண்டாது, அரசியல் கேலி இருபது ஆண்டு தாண்டாது. விளக்கம் இல்லாத பொருள் அடுத்தவர் கைக்குப் போகும்போது அவருக்கு அதில் ஒன்றும் தெரியாது. எண்ணைப் பொருளின் மேல் பேனாவால் எழுதாமல், பருத்தி நூலில் கட்டிய சிறு அட்டையில் எழுதுங்கள்.

கண் பழக நேரில் பார்க்கவும் இடங்கள் உண்டு. டெல்லியில் 1992-இல் தொடங்கிய சுலப் கழிப்பறை அருங்காட்சியகம், தென்கொரியாவின் சுவோன் நகரில் கழிப்பறை வடிவிலேயே கட்டப்பட்ட ஹேவூஜே அருங்காட்சியகம், இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரெண்டில் கிளாட்ஸ்டோன் மட்பாண்ட அருங்காட்சியகம். கடைசியாகச் சொன்னதில் மட்பாண்டங்கள் எப்படிச் செய்யப்பட்டன என்பதும் காட்சி. வார்ப்பின் இணைப்புக் கோடு எங்கே வரும் என்று அங்கே பார்த்துவிட்டால், வீட்டில் உள்ள பொருளிலும் அதைத் தேடிக் கண் பழகலாம்.

இரட்டையாக வந்ததை மாற்றிக்கொள்ளும்போது மூடியைத் தனியாகச் சுற்றுங்கள். கோப்பைக்குள் தாளைக் கசக்கி நிரப்புங்கள். ஒட்டுநாடா மெருகைத் தொடக் கூடாது. உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் இடையே ஆறு பக்கமும் 5 செ.மீ. மெத்தை இருக்கட்டும். மூடிவிட்டு ஒருமுறை குலுக்கிக் கேளுங்கள். உள்ளே எதுவும் அசையும் சத்தம் வந்தால் பிரித்து மறுபடியும் கட்டுங்கள். சிரிப்பின் விளக்கம் எழுதிய பதிவேட்டுத் தாளின் நகலை உள்பெட்டியின் மேல் வைத்து அனுப்புங்கள்.